‘சும்மாவே கிடக்காவ’ என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: “அப்பாவுக்கு 71 வயது. வீரவநல்லூர் பக்கம். விடியுமுன் மடை பார்த்துவிட்டு வந்து, குளித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு எழுதப் போனவர். ஓய்வு பெற்ற பிறகும் வயலை விடவில்லை. சர்க்கரையும் பிரஷரும் ரொம்ப நாளாக உண்டு. ஒரு வருஷமாக எதிலும் பிடிப்பில்லை. வயலுக்குப் போவதில்லை, பேப்பரை விரிப்பதில்லை, பேரன் வந்தால்கூட ‘வா’ என்பதோடு சரி. தார்சாவில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி இருக்கிறார். கூப்பிட்டால் வந்து சாப்பிடுகிறார். ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. அழுவதும் இல்லை, புலம்புவதும் இல்லை. அம்மா ‘எப்பப் பாத்தாலும் சும்மாவே கிடக்காவ’ என்று திட்டுகிறாள். இது வயதா, மனச்சோர்வா, மறதி நோயா?”

பதில்:

சோம்பல் இல்லை என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். விடியுமுன் மடை பார்க்கப் போன மனிதர் எழுபது வயதில் புதிதாகச் சோம்பல் படிப்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒரு வேலையைத் தொடங்க வைக்கும் மூளைப் பகுதிகளில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்பட நிறைய இடமிருக்கிறது. மருத்துவச் சீட்டில் இதை ‘அபதி’ என்று எழுதுவார்கள். நான் இங்கே ஊக்கமிழப்பு என்றே சொல்கிறேன். ஞாபகம் நன்றாக இருக்கும்போதே இது வரும் என்பதால்தான் வீட்டில் யாரும் இதை நோயாக நினைப்பதில்லை.

நம் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரு அம்மாவுக்கு ஊக்கம் போனால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் அடுப்பு எரியாது. ஓய்வு பெற்ற ஆம்பிளை நாற்காலியில் உட்கார்ந்தால் ‘உழைச்சது போதும், இருக்கட்டும்’ என்று ஊரே மரியாதையாக ஒதுங்கிவிடும். வேளைக்குச் சாப்பாடு கையில் வரும், துணி துவைத்து மடித்து வரும். அவர் ஒரு வேலையும் தொடங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகும். பாளையங்கோட்டையில் நான் பார்க்கும் வயதானவர்களில், இந்தக் காரணத்துக்காக ஆண்கள் தாமதமாகவே கூட்டி வரப்படுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் கீழே விழுந்த பிறகுதான்.

வயது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடலாம். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். வேகம் குறையும். கல்யாண வீட்டில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் பெயர் நாக்கில் வராமல் நிற்கும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் வந்துவிடும். சொல்வளம் அவ்வளவு எளிதில் குறையாது. உலக அனுபவமும் குறையாது. டோபமின் என்ற வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் வாலிப வயதிலிருந்தே பத்தாண்டுக்குச் சில சதவீதம் என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும். அதனால் வயதானவர்களுக்கு எதிலும் பழைய வேகம் இருக்காது, நாட்டமும் சுருங்கும். ஆனால் அடியோடு போகாது. நாலு வேலை பார்த்தவர் இரண்டு பார்ப்பார். ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டத்தில் போய் நிற்க முடியாது என்பார், ஆனால் தேர் நிலைக்கு வந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்பார். கேட்கவே தோன்றாமல் போவதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது.

ஒரு வேலை மனதில் தோன்றி, கால் எழுந்து நடப்பதற்குள் மூளைக்குள் பெரிய பேரம் ஒன்று நடக்கிறது. இதைச் செய்தால் என்ன கிடைக்கும், அதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று எடைபோட்டு, சரி, செய்யலாம் என்று முடிவெடுக்க வேண்டும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் உட்பக்கமும், அடிமூளையில் உள்ள சில நரம்பு முடிச்சுகளும், அவற்றை இணைக்கும் நீளமான நரம்பிழைகளும் சேர்ந்து இதைச் செய்கின்றன. பேரத்தில் ‘கிடைக்கும்’ என்ற பக்கத்துக்குக் கனம் கொடுப்பதில் டோபமினுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தச் சுற்றில் எங்கே பழுது வந்தாலும் முடிவு ஒன்றுதான்: மெனக்கெடுவதற்குத் தகுந்த பலன் இல்லை என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை உதைத்து என்ன பயன்?

இது வெறும் ஊகம் என்று நினைத்துவிட வேண்டாம். மசூத் ஹுசைன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2013-ல் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அடிமூளையில் இரண்டு பக்கமும் சிறு பக்கவாதம் வந்து, கை கால் நன்றாக இருந்தும் எதிலும் நாட்டமில்லாமல் போனவர் அவர். வேகமாகச் செய்தால் கூடுதல் காசு என்று வைத்த சோதனையில், காசு கூடினாலும் அவரிடம் வேகம் கூடவில்லை. டோபமினைப் போல வேலை செய்யும் மருந்தைக் கொடுத்த பிறகு காசுக்குத் தகுந்தபடி வேகம் கூடியது, நாட்டமும் திரும்பியது. எல்லோருக்கும் அந்த மருந்து இப்படி வேலை செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘மனசு வைத்தால் முடியும்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த மனசு வைப்பதற்கே மூளையில் ஒரு இடம் உண்டு, அதற்கும் அடிபடும் என்பதை அந்த ஒருவரிடம் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

பாரிஸைச் சேர்ந்த லெவி, துபுவா என்ற இருவர் 2006-ல் இந்த ஊக்கமிழப்பை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நம் வீட்டு நடப்பை வைத்தே சொல்லலாம். பேரன் வந்து மடியில் ஏறினாலும் முகம் மலராமல் இருப்பது உணர்ச்சியோடு ஒட்டாத வகை. பிசான நெல் சாகுபடிக்கு விதை, உரம், ஆள் என்று அடுத்தடுத்து யோசிக்க முடியாமல் விட்டுவிடுவது திட்டமிட முடியாத வகை. வெளியிலிருந்து ஒருவர் சொல்லும் வரை எதையுமே தொடங்காமல், சொன்னதும் எழுந்து ஒழுங்காகச் செய்வது மூன்றாவது. இதில் பழுது பெரும்பாலும் அடிமூளையில் இருக்கும். கூப்பிட்டால் வந்து சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு இந்த மூன்றாவது வகைதான் நினைவுக்கு வந்தது.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சியைக் கூட்டி வந்தார்கள். சின்ன வயதிலிருந்து பீடி சுற்றியவர். எட்டு மாதமாகச் சுளகைத் தொடவே இல்லை. கை நடுக்கமா என்றால் இல்லை, கண்ணும் தெரிகிறது. ‘ஏன் ஆச்சி சுத்தல?’ என்று கேட்டால் ‘சுத்தணும்’ என்பார், அதோடு சரி. மகள் ஒரு நாள் புகையிலைத் தூளை ஒதுக்கிவிட்டு, வெட்டிய இலையையும் நூலையும் மட்டும் சுளகில் வைத்து மடியில் வைத்துவிட்டு, முதல் இலையைத் தன் கையாலேயே எடுத்து அவர் விரலிடுக்கில் கொடுத்திருக்கிறார். விரல் தானாக உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. இலை தீர்ந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த இலைக்கட்டை எடுக்கத் தோன்றவில்லை. ‘கை மறக்கல டாக்டர், மனசுதான் எந்திரிக்க மாட்டேங்கு’ என்றார் மகள். எட்டு வருஷம் படித்துவிட்டு வந்து நான் சொல்லியிருந்தாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்படியானால் மனச்சோர்வு? இரண்டும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கும். மனச்சோர்வு வந்தவருக்கு உள்ளே வலி இருக்கும். ‘நான் பாரமாகிட்டேன்’, ‘சீக்கிரம் போய்ச் சேரணும்’ என்பார். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, விடிகாலையில் விழித்துக்கொண்டு கிடப்பார். ஊக்கமிழந்தவரைக் கேட்டால் ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்பார். அது சமாளிப்பு இல்லை, உண்மையாகவே அவருக்குக் குறை தெரியாது. வருத்தம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான். உங்கள் வீட்டில் அம்மாவுக்கு.

இதைப் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் சில மாத்திரைகள் ஊக்கமிழப்பை இன்னும் கூட்டிவிடலாம். அதற்காக, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எந்தெந்த நோயில் இது வரும் என்று கேட்டால் பட்டியல் நீளும். அல்சைமர் மறதி நோயில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இது உண்டு, அந்த நோயின் நடத்தைக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவதே இதுதான். பார்கின்சனில் கை நடுக்கத்துக்கு முன்னாலேயே சிலருக்கு வந்துவிடும். டிமென்ஷியா என்பது நினைவும் அறிவுத்திறனும் மெல்லக் குறையும் நோய்களுக்குப் பொதுப் பெயர், அல்சைமரும் அதில் ஒன்று. முன்மூளை தேயும் வகை டிமென்ஷியாவில் ஊக்கம் போவதோடு, பெரிய மனிதர் கூச்சமில்லாமல் பேசுவது, இனிப்பாகத் தின்று தீர்ப்பது போன்றவையும் சேர்ந்திருக்கும். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை எனக்கு முதல் சந்தேகம் வேறு. பல வருஷச் சர்க்கரையும் பிரஷரும் மூளையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். கை கால் விழாது, வாய் கோணாது, பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் முன்மூளையையும் அடிமூளையையும் இணைக்கும் நரம்பிழைகள் உள்ளே வெளுத்துப்போகும். இந்த நோயில் ஞாபகம் பரவாயில்லாமல் இருக்க, வேகமும் ஊக்கமும் முதலில் போகும்.

2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஞாபகச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருபவர்களில் ஊக்கமிழப்பு உள்ளவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு இருந்தது. வந்தே தீரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் ‘ஞாபகம் நல்லாத்தானே இருக்கு, பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட அது இடம் தரவில்லை. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. நம் ஊரில் தெருவுக்கு ஓரிருவராவது இருப்பார்கள் என்று அர்த்தம்.

பெரிய நோய்களுக்குப் போகுமுன் சரிசெய்யக்கூடியவற்றைத் தேட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அது மந்தத்தையும் மறதியையும் கொண்டுவரும். தைராய்டு குறைந்தாலும் மனிதர் இப்படித்தான் உட்கார்ந்துவிடுவார். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் உப்புச் சத்தான சோடியம் இறங்கலாம். சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரையால் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துகொண்டிருக்கலாம். சாப்பாட்டுக்கு முன் சொக்கிப் போகிறாரா, வியர்க்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தாரா? மண்டையில் காயமே இல்லாவிட்டாலும் உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள். சீட்டை மட்டும் கொண்டுவந்தால் பாதிதான் தெரியும்.

காதையும் விட்டுவிடாதீர்கள். காது கேட்காத மனிதர் நாலு பேர் பேசும் இடத்தில் ‘என்ன, என்ன’ என்று கேட்டு வெட்கப்பட்டு, கடைசியில் பேச்சையே விட்டுவிடுவார். பார்க்க ஊக்கமிழப்பு போலவே இருக்கும். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவுக்கு வித்திடும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இவற்றைக் கவனித்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறை, பிரஷர், சர்க்கரை, தனிமை எல்லாம் அதில் உண்டு. கண்புரை இருந்தால் எடுத்துவிடுங்கள். நெல்லையில் அதற்கு வசதிக்குக் குறைவில்லை.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். ஞாபகத்துக்கு 30 மார்க் சோதனை ஒன்று வைப்பார்கள். அதில் அப்பா 28 எடுத்துவிட்டால் நிம்மதி என்று திரும்பி வந்துவிடாதீர்கள். தேதி, ஊர், கழித்தல் கணக்கு கேட்கும் அந்தத் தாள் ஊக்கத்தை அளப்பதே இல்லை. கணக்கு எழுதியே வாழ்ந்தவர் அதில் நன்றாகவே செய்வார். ‘ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும்’ என்று கேட்கும்போதுதான் நாலைந்தோடு நின்றுவிடுவதைப் பார்க்கலாம். அவரிடம் கேட்டால் எல்லாம் சரி என்பார். அதனால் முன்பு எப்படி இருந்தார், இப்போது என்னென்ன விட்டுப்போயிற்று, எந்த மாதத்திலிருந்து என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழைய நிலையிலிருந்து மாறியிருப்பதும், அது நாலு வாரத்துக்கு மேல் நீடிப்பதும்தான் இந்தக் கோளாறை முடிவு செய்யும் அளவுகோல்.

மருந்து உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்றவை சிலருக்குச் சற்று உதவும். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை அல்சைமர் உள்ள 200 பேரிடம் ஆறு மாதம் சோதித்து, ஊக்கமிழப்பு ஓரளவு குறைந்ததாக 2021-ல் வெளியிட்டார்கள். ஓரளவு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அது பிரஷரையும் நாடித் துடிப்பையும் ஏற்றக்கூடியது, அதனால் உங்கள் அப்பாவுக்கு யோசித்துத்தான் தருவார்கள். பார்கின்சனில் டோபமின் வகை மருந்துகள் பலன் தருவதுண்டு. ஆனால் சிலருக்கு அளவு மீறி, சூதாட்ட ஆசை பிடித்துக்கொள்ளும். அடக்கமான மனிதர் ராத்திரி ஆன்லைன் ரம்மியில் உட்கார்ந்தால் மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். கடையில் விற்கும் ஞாபகசக்தி டானிக்குகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பெரிய வேலை வீட்டில்தான் இருக்கிறது. அவருக்குத் தானாகத் தோன்றட்டும் என்று காத்திருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தோன்றாது. தொடக்கத்தை வெளியிலிருந்து நீங்கள் கொடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும்.

கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘வயலுக்குப் போவோமாப்பா?’ என்றால் ‘வேண்டாம்’ என்பார், ஏனென்றால் அந்தப் பதிலுக்குத்தான் மெனக்கெட வேண்டியதில்லை. காலையில் காப்பி குடித்து முடித்ததும் துண்டைத் தோளில் போட்டு, செருப்பைக் காலடியில் வைத்து, ‘வாங்கப்பா, கால்வாயில தண்ணி எவ்வளவு வருதுன்னு பாத்துட்டு வருவோம்’ என்று நீங்கள் முன்னால் நடங்கள். பெரும்பாலும் பின்னால் வருவார். கன்னடியன் கால்வாய்க் கரையில் நின்றதும் ஒரு வார்த்தையாவது வரும். வராவிட்டாலும் நடந்தது லாபம். தினமும் ஒரே நேரம், ஒரே வழி. நாள் ஆக ஆக அந்த நேரமே அவரை எழுப்பத் தொடங்கும்.

தேர்வு கொடுத்தால் இரண்டுக்குள் கொடுங்கள். வேலையைத் துண்டாக்குங்கள். ‘பேப்பர் படிங்க’ என்பதைவிட, பேப்பரை மடித்து ஒரு செய்தியை மட்டும் மேலே வைத்து, ‘எனக்குக் கண்ணாடி இல்ல, இத வாசிச்சுச் சொல்லுங்க’ என்பது நடக்கும். பழைய தொழிலிலிருந்து எடுங்கள். சங்கத்தில் கணக்கு எழுதியவருக்கு வீட்டுப் பால் கணக்கு நோட்டைக் கொடுங்கள். தேதியை நீங்களே எழுதிவிட்டு, பேனாவைக் கையில் கொடுத்துவிடுங்கள். குறுக்கெழுத்து, சுடோக்கு என்று புதிதாகக் கொண்டுவந்து பரீட்சை வைக்க வேண்டாம். நடைதான் முக்கியம், ஆட்கள் வந்து போவதும் முக்கியம். பழைய கூட்டாளி ஒருவரை வாரம் ஒரு சாயங்காலம் வரச் சொல்லுங்கள். அவர் பேசிக்கொண்டே இருக்கட்டும், அப்பா கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

திட்டினால் பலன் இல்லை, உபதேசத்தாலும் இல்லை. அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு ‘என் மேல பிரியம் போயிட்டு’ என்றுதான் முதலில் தோன்றும். அம்மாவுக்கு வாரத்தில் அரை நாளாவது, அந்த நாற்காலியைப் பார்க்காமல் இருக்க வழி செய்யுங்கள். அக்கா வீட்டுக்கோ, பாபநாசத்துக்கோ போய் வரட்டும். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு, முதியோர் உதவிக்கு 14567.

பிரஷரையும் சர்க்கரையும் இனிமேலாவது இறுக்கிப் பிடிப்பது, நுண்ணிய குழாய் நோய் மேலும் பரவாமல் இருக்க நம் கையில் உள்ள முதல் வழி. ஊக்கமிழந்தவர் மாத்திரையைத் தானாக எடுத்துப் போடமாட்டார், அதனால் எண்ணிக் கையில் கொடுங்கள். 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அப்புறம், யாரும் எச்சரிக்காத ஒன்று. இப்படிப்பட்டவர்கள் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. தாளை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், ஏடிஎம் எண்ணைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வயலை ஒருவர் குத்தகைக்கோ கிரயத்துக்கோ கேட்டு வந்திருந்தால், வீட்டில் இன்னொருவர் இல்லாமல் எந்தத் தாளும் கைமாறக் கூடாது. பட்டா, பாஸ்புக், பென்ஷன் தாள்கள் எங்கே இருக்கின்றன என்பதை, அவருக்குத் தெரிந்திருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். உயில் எழுதும் எண்ணம் இருந்தாலும் அதைப் பேச இதுதான் நேரம்.

ஒரு வருஷமாக மெல்ல வந்திருப்பதால் இரண்டு வாரத்துக்குள் காட்டினால் போதும், பதற வேண்டாம். ஆனால் இடையில் ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, வேட்டியில் சிறுநீர் போகத் தொடங்கினாலோ, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அது வேறு விஷயம். காய்ச்சலாக இருக்கலாம், ரத்தக் கசிவாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போது என் பதிலைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.